குன்று போகச் சொன்னது

என் அண்ணனுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது. அரை மைல் தள்ளி ஓர் ஆடு மேய்ந்தால் அது யார் வீட்டு ஆடு, எந்தக் காலை நொண்டுகிறது என்று சொல்லிவிடுவான். தன் வீட்டுக் கதவு நிலையில் மட்டும் தினம் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்வான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குவளைக்குள் கையை விடுவான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அண்ணி சிரிக்கமாட்டாள். தட்டை அவன் கைக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு, "உன் அண்ணன் கடலுக்கு வாக்கப்பட்டவர். இந்த வீட்டுக்கு விருந்தாளி" என்பாள்.

அந்தக் கண்ணுக்காகத்தான் அவனைக் குன்றில் வைத்திருந்தார்கள். எங்கள் கடற்கரையின் தெற்குக் கோடியில் ஒரு பாறைக்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். உச்சியில் கல் அடுக்கிக் கட்டிய ஓர் அறை. கடல் பக்கம் சுவரே கிடையாது. உள்ளே உட்கார ஒரு பலகை, ஒரு தண்ணீர்ப் பானை, இரண்டு கம்புகளில் கட்டிய இரண்டு வெள்ளைத் துணிகள். பதினெட்டு வயதிலிருந்து அவன் உலகம் அவ்வளவுதான். படகில் இருப்பவனுக்கு மீன் கூட்டம் கண்ணில் படாது. மேலிருந்து பார்த்தால்தான் தண்ணீருக்குள் கருஞ்சிவப்பாக ஒரு கறை நகர்வது தெரியும். அண்ணன் இரண்டு துணியையும் உயர்த்தினால் மீன் இருக்கிறது என்று அர்த்தம். வலது துணியை நீட்டினால் வலப்பக்கம், இடது என்றால் இடப்பக்கம். இரண்டையும் குறுக்கே வெட்டி இறக்கினால் வலையைப் போடு. தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றினால் முனையைத் தாண்டி வெளியே போ. இவ்வளவுதான் அவன் பாஷை. ஊரில் பேச்சு வராத குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆபத்து என்று சொல்ல அதில் ஒரு சைகையும் இல்லை. ஆபத்து தரை வழியாக வரும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். துடுப்பு வலிக்கிறவர்கள் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். கடலுக்குப் போகும்போது அவர்கள் கண் முழுக்கக் கரையும் குன்றும் வீடும். திரும்பி வரும்போது வெறும் கடல்தான். அப்போது கரையைப் பார்த்துக்கொண்டு வருகிற ஒரே ஆள் சுக்கான் பிடிப்பவர். சிவப்புப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் என் வீட்டுக்காரர். நான்கு படகுகளில் அதுதான் முன்படகு. அது திரும்புகிற பக்கம் மற்ற மூன்றும் திரும்பும்.

படகுகள் எங்களுடையவை அல்ல. மேட்டில் ஐந்து வீடுகள் இருந்தன. படகு, வலை, மீனுக்கு உப்புப் போடும் கொட்டகை, கொட்டகைக்குப் போகும் பாதை, எல்லாம் அந்த ஐந்து வீட்டுக்குச் சொந்தம். துடுப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று சொந்தம். அவனவன் கைக்கும் தோளுக்கும் தகுந்தபடி செதுக்கியது, அடுத்தவன் கைக்கு ஒத்துவராது. மேட்டு வீட்டோடு தகராறு வந்தால் ஆண்கள் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சுவரில் சாத்திவிடுவார்கள். அவர்களிடம் துடுப்பில்லாத படகு, எங்களிடம் படகில்லாத துடுப்பு. யார் வயிறு முதலில் கத்துகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அண்ணனிடம் துடுப்பு கிடையாது. அதுதான் அவன் தலையெழுத்து. தகராறு நாட்களில்கூட அவன் குன்றேறிவிடுவான். "எல்லாரும் வேலையை நிறுத்தியிருக்காங்க, நீ மட்டும் என்ன கிழிக்கப் போறே?" என்று ஒரு தடவை கேட்டேன். "மீனுக்கு அந்தச் சேதி போகலையே" என்றான். அவனுக்கு அது வேடிக்கைப் பேச்சு. ஊருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அவன் யார் பக்கம் என்கிற கேள்வி அன்றே முளைவிட்டிருக்க வேண்டும்.

போர் வரப்போகிறது என்பதை எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. முதலில் பழைய நங்கூரச் சங்கிலிகளையெல்லாம் வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு பாய்மரக் கப்பல்கள் மூன்றும் நான்குமாகத் தொலைவில் வடக்கே போயின. வாரத்துக்கு இரண்டு தடவை குதிரையில் வந்து கொண்டிருந்த தபால்காரர் நின்றுபோனார். குதிரையைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதாம். கடைசியில் கொட்டகைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். ஒவ்வொரு கடற்கரையும் போர்க்கப்பலுக்குப் பதினான்கு ஆட்களைத் தர வேண்டும். யார் யார் என்பதைப் படகு உடைமையாளர்கள் எழுதித் தருவார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், உடைமையாளர்களின் பிள்ளைகள் கரைக் காவலுக்குத் தேவைப்படுவதால் அவர்களுக்கு விலக்கு என்று இருந்தது. கரைக் காவலாம்! அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கால் நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கும்.

தாள் ஒட்டிய நாளிலிருந்து ஊர் மாறிவிட்டது. கிணற்றடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், மூன்றாமவள் வந்தால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். யார் மேட்டுக்குப் போனார்கள், போய் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று ஆளாளுக்கு வேவு பார்த்தோம். தச்சர் பெண்டாட்டி ஒரு கூடை முட்டையோடு மேட்டு வீட்டுக்குப் போனாள் என்று அவள் புருஷனோடு இரண்டு நாள் யாரும் பேசவில்லை. முட்டை அவர்களே சொல்லி அனுப்பிக் கேட்டது என்று தெரிந்த பிறகும் சமாதானமாகவில்லை. சந்தேகப்படுவதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அது எனக்குப் பிறவிக் குணம். கடையில் வாங்கிய ஊசியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.

பத்தாம் நாள் ஒரு பட்டாளத்து அதிகாரி வந்து கடற்கரையில் நின்று பட்டியலைப் படித்தார். பக்கத்தில் மேட்டு வீட்டுக் குமாஸ்தா, தரையைப் பார்த்தபடி. பட்டியலில் பெயர்களே இல்லை.

"சிவப்புப் படகு, இடப்பக்கம் மூன்றாவது ஆள். களைக்காதவன்."

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டோம். "டேய், உன்னைத்தான்டா! களைக்காதவனாம்! உன் பொண்டாட்டியைக் கேட்டால்ல தெரியும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"மஞ்சள் படகு, வலப்பக்கம் இரண்டாவது. கை நீளம். பச்சைப் படகு, வலப்பக்கம் முதல் ஆள். காற்றுக்கு எதிராக நன்றாக வலிப்பவன். சிவப்புப் படகு, சுக்கான் பிடிப்பவர். பதற மாட்டார்."

அது என் வீட்டுக்காரர். சிரிப்பு நின்றிருந்தது. படகில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூட அடுத்தவன் எப்படி வலிக்கிறான் என்று இவ்வளவு தெரியாது. தச்சர் பெண்டாட்டிதான் வாயைத் திறந்தாள், முட்டைக்குப் பழி தீர்க்கிற மாதிரி.

"இது கீழே இருந்து பார்த்து எழுதினது இல்லை."

அத்தனை தலையும் குன்றைப் பார்த்துத் திரும்பியது. அண்ணன் அங்கே எப்போதும் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் அண்ணி எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றாள். அவளைச் சுற்றி மெல்ல இடம் காலியாவதை நான் பார்த்தேன். நானும் ஓர் அடி நகர்ந்தேன்.

அன்று மாலையே துடுப்புகள் எல்லாம் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டன. ஒன்பது நாள் ஒரு மீன் கரைக்கு வரவில்லை. பத்தாம் நாள் குமாஸ்தா வந்து, "எஜமானர்களுக்கும் மனசு கேக்கலை. பட்டாளத்துக்கிட்ட பேசியாச்சு. பட்டியல் ரத்து" என்று சொல்லி ஒரு தாளை எல்லோர் முன்னாலும் நாலாகக் கிழித்துக் கடலில் போட்டான். ஆண்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"கிழிச்சாச்சு, பார்த்தியா?" என்றார் என் வீட்டுக்காரர், வெற்றி பெற்ற முகத்தோடு.

"கிழிச்சதைப் பார்த்தேன். எதைக் கிழிச்சான்னு நீங்க பார்த்தீங்களா?"

எங்களில் படிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர், இருவரும் பின்னால் நின்றிருந்தார்கள். ஆனாலும் வீட்டில் சாப்பாடு இல்லை. மறுநாள் துடுப்புகள் படகுக்குத் திரும்பின.

நான் அன்றே குன்றேறினேன். அறைக்குள் அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தண்ணீர்ப் பானைக்கு மேல் கல் மாடத்தில் ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி. தங்க நிறச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி.

"இது ஏது?"

"குடுத்தாங்க."

"யாரு?"

"மேட்டு வீட்ல. பெரியவர் போட்டிருந்ததாம். அவர் போன பிறகு சும்மா கிடந்ததாம். குமாஸ்தா கொண்டுவந்தான்."

"சும்மா கிடந்ததைச் சும்மா குடுத்தானா?"

அண்ணன் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

"அவன் உன்கிட்ட என்ன கேட்டான்?"

"தள்ளி நில்லு. கடலை மறைக்கிறே" என்றான்.

நான் கடலை மறைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கண்ணாடியை மாடத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். இறங்குகிற வழியெல்லாம் அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறியவன் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு என் புருஷனை விற்றுவிட்டான் என்று நம்பினேன். இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று அது எனக்குப் பட்டப்பகல் போலத் தெளிவாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே முனைக்கு அப்பால் ஒரு போர்க்கப்பல் மறைந்து நின்று, மீன் பிடிக்கப் போன இரண்டு படகை அப்படியே ஆளோடு அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். அண்ணன் எங்கள் படகுகளையும் அப்படித்தான் முனைக்கு வெளியே அனுப்பி மாட்டிவிடுவான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் விடியும் நேரத்தில் என் வீட்டுக்காரர் மேல்சட்டையை மாட்டும்போது சொன்னேன்.

"இனிமே குன்றை நம்பாதீங்க."

"உன் கூடப் பிறந்தவரைத்தானே சொல்றே?"

"கூடப் பிறந்தவன்னா என்ன? நான் சொன்ன அந்தக் கண்ணாடி யார் குடுத்தது?"

"பன்னிரண்டு வருஷமா மச்சான் கையைப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்புறேன். ஒரு நாள் தப்பினதில்லை."

"பன்னிரண்டு வருஷமா அவன் மீனைப் பார்த்தான். இப்போ ஆளைப் பார்க்கிறான்."

அவர் பொத்தானைப் போட்டார். பதறாதவர் என்று பட்டியலில் எழுதியிருந்தது பொய்யில்லை. நான் வாசலில் இருந்த துணி உலர்த்தும் கம்பத்தைக் காட்டினேன். எங்கள் வீடு கரையோரத்தில் முதல் வீடு. கம்பம் கடலிலிருந்து நன்றாகத் தெரியும்.

"அவன் வெளியே போகச் சொன்னா, முதல்ல இதைப் பாருங்க. நம்ம நீலப் போர்வை தொங்கினா கரை சுத்தமா இருக்குன்னு அர்த்தம். நேரா வந்துடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"சரி" என்றார். எனக்காகச் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

ஏழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் மதியம் கொட்டகையில் நாங்கள் மீன் அறுத்துக்கொண்டிருந்தோம். குமாஸ்தா வந்து கையைத் தட்டினான். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனால்கூட முறைக்கிற ஆள் அவன்.

"இன்னிக்கு இது போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. உப்பு இல்லை."

"சுவர் வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கே, அது என்ன?" என்றேன்.

"அது ஈரம்."

என் சந்தேகம் அங்கே நிமிர்ந்து உட்காரத்தான் செய்தது. ஆனால் தவறான பக்கம் பார்த்து உட்கார்ந்தது. படகுகள் வரும்போது கரையில் பெண்கள் கூட்டம் இருக்கக் கூடாது, ஏனென்றால் இன்றைக்கு அவற்றைக் கடலிலேயே பிடிக்கப் போகிறார்கள், நாங்கள் பார்த்துக் கூச்சல் போடுவோம், அதனால்தான் அனுப்புகிறான் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்!

வீட்டுக்குப் போகாமல் கடற்கரையை ஒரு சுற்று சுற்றினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஓர் ஈ காக்கை இல்லை. கொட்டகையின் கடல் பக்கக் கதவில் பூட்டுத் தொங்கியது. இழுத்துக்கூடப் பார்த்தேன். கூரையில் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் கடற்பறவைகள் ஒன்றையும் காணோம். மீன் தலை வெளியே விழாத நாளில் அவற்றுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். கொட்டகைக்குச் சாலைப் பக்கம் இன்னொரு கதவு உண்டு. அது மேட்டு வீட்டுக்காரர்கள் வருகிற கதவு. அந்தப் பக்கம் போக எங்களுக்கு அனுமதி இல்லை, அதனால் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து ஒதுங்கி நடந்த இடத்தைக் கண் தானாகவே விட்டுவிடும்.

வெயில் சாய ஆரம்பித்தபோது நான்கு படகும் வரிசையாக வருவது தெரிந்தது. அப்போது குன்றில் அண்ணன் எழுந்து நின்றான். இரண்டு துணியையும் தலைக்கு மேல் தூக்கி வட்டம் சுற்றினான். முனையைத் தாண்டி வெளியே போ. ஒரு தடவை சுற்றிவிட்டு நிறுத்துவதுதான் அவன் வழக்கம். அன்று நிறுத்தவில்லை. கம்பு கையிலிருந்து பறந்துவிடும் போலச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

கரையில் நின்ற தச்சர் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். "பார்த்தியா உன் அண்ணனை? நிறைஞ்ச வலையோட வர்றவங்களை எங்கே துரத்துறான் பார்."

கடலைப் பார்த்தேன். மீன் கூட்டம் இருந்தால் மேலே பறவைகள் வட்டமிடும். ஒன்றும் இல்லை. முனைக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சிவப்புப் படகு நின்றது. துடுப்புகள் தண்ணீரை விட்டு மேலே எழுந்து அப்படியே நின்றன. என் வீட்டுக்காரர் யோசிக்கிறார். நான் ஓடினேன். உள்ளே போய்க் கட்டிலிலிருந்து நீலப் போர்வையை உருவிக்கொண்டு வந்து கம்பத்தில் விரித்துப் போட்டேன். காற்றில் நன்றாக விரிந்தது. பார்த்தவர்களுக்கு, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் போர்வை உலர்த்துகிறேன் என்றுதான் தோன்றியிருக்கும்.

துடுப்புகள் தண்ணீரில் இறங்கின. சிவப்புப் படகு கரைக்கு நேராக வந்தது. பின்னால் மற்ற மூன்றும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

படகின் அடி மணலில் உரசியதும் கொட்டகையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். அதிகாரி கையில் அதே பட்டியல். குமாஸ்தா கிழித்தது என்ன தாளோ, யார் கண்டது? ஆட்களைப் படகில் அவரவர் இடத்திலேயே உட்காரச் சொல்லி, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு எண்ணினார்கள். இடப்பக்கம் மூன்றாவது, எழுந்திரு. வலப்பக்கம் இரண்டாவது, எழுந்திரு. பெண்கள் மேலே விழுந்து இழுத்தார்கள், மணலை வாரி இறைத்தார்கள். நான் கம்பத்தடியிலேயே நின்றேன்.

என் வீட்டுக்காரரைக் கடைசியாக எழுப்பினார்கள். அவர் போர்வையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"துடுப்பெல்லாம் அலையில போயிடும். பொறுக்கி வீட்டுச் சுவர்ல சாத்தி வை" என்றார். அவ்வளவுதான்.

பதினான்கு பேரையும் சாலை வழியாகக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அண்ணன் வந்து சேர்ந்தான். குன்றுப் பாதையில் ஓடி வந்திருக்கிறான். தொலைவில் இருப்பதெல்லாம் தெரிகிறவனுக்குக் காலடிக் கல் தெரியவில்லை. நெற்றி பிளந்து, முழங்கால் கிழிந்து, முகமெல்லாம் ரத்தம். தச்சர் பெண்டாட்டி அவன் முகத்தில் துப்பினாள். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். அவன் அடியை வாங்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி என் வீட்டுக்கு வந்தான். கம்பத்திலிருந்து போர்வையை எடுத்தான். முனைக்கு முனை பொருந்தாமல் கோணல்மாணலாக மடித்து, என் கையைத் தடவிப் பார்த்துக் கையில் வைத்தான்.

"உள்ளே வை" என்றான்.

மேலிருந்து அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஊர் தீர்ப்புச் சொல்ல ஒரு நாள்கூட ஆகவில்லை. படகை வெளியே போகச் சொன்னது போர்க்கப்பலில் மாட்டிவிட. அது பலிக்காவிட்டால் பிடிக்கக் கொட்டகையில் ஆள். துணியைச் சுற்றியதே பட்டாளத்துக்குப் படகு வருகிறது என்று சொல்லத்தான். சந்தேகத்துக்கு எதைப் போட்டாலும் செரிக்கும். அவன் சுற்றிய வட்டத்துக்குச் சரியான அர்த்தம் புரிந்தது மேட்டு வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான். அவர்கள் மறுநாளே அவனைக் குன்றிலிருந்து இறக்கி, கொட்டகையில் உப்பு மூட்டை தூக்கப் போட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து தண்டித்த ஒரே ஆள் எங்கள் ஊரில் அவன்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதினான்கு வீட்டில் பதிமூன்று வீட்டுப் பெண்கள் என்னைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். இருபது நாளில் போர் வந்துவிட்டது. அதன் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தள்ளினேன். இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் இறந்துவிட்டதாக ஒரு தாள் வந்தது. அழுதேன். கூடவே, இனி இது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியதை மறைக்க மாட்டேன்.

மீன் அறுக்கும் மேஜையில் அண்ணிக்கு இடம் கொடுக்கவில்லை. அவள் மூலையில் தரையில் உட்கார்ந்து அறுத்தாள். நான் மேஜையில் இருந்தேன். ஒரு நாள் கிணற்றடியில் அவளாக என்னிடம் சொன்னாள்.

"புதுப் படகு கட்டுறோம், நல்ல ஆளா நாலு பேரைச் சொல்லுன்னு குமாஸ்தா கேட்டானாம். எல்லாரும் மீனைப் பத்தித்தான் இவர்கிட்ட கேட்பாங்க. ஆளைப் பத்தி ஒருத்தன் கேட்டதும் பெருமை தாங்கலை இவருக்கு. யார் யார் எப்படி வலிப்பாங்கன்னு ஒண்ணு விடாம கொட்டிட்டார். அதுக்கு அவன் குடுத்த கண்ணாடியை அன்னிக்கு வீட்ல போட்டுப் பார்த்தார். என் கன்னத்தைத் தொட்டு, 'உனக்கு இங்கே மச்சம் இருக்கா?'ன்னு கேட்டார். கல்யாணம் ஆகி இருபது வருஷம்."

"இப்போ கண்ணாடி எங்கே?"

"பட்டியலைக் கேட்டதும் மூக்கிலேருந்து கழட்டினவர், அப்புறம் போடவே இல்லை. உன் வீட்டுக்காரரைக் கொண்டுபோன அன்னிக்குக் கடல்ல வீசிட்டார்."

அண்ணி மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தூக்க ஆள் வரவில்லை. நானும் அண்ணனும் உப்பு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அப்போதும் நான் சொல்லவில்லை.

போர் முடிந்து ஐந்து பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் சிவப்புப் படகின் இடப்பக்கம் மூன்றாவது ஆள். பட்டியலைப் படித்த நாளிலிருந்து அவனுக்குக் களைக்காதவன் என்றே பெயர் நின்றுவிட்டது. இப்போது ஒரு கை இல்லை, பெயர் மட்டும் அப்படியே. அவன் ஒரு காலை வேளையில் கொட்டகைக்கு வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். பெண்கள் அறுத்துக்கொண்டே கேட்டார்கள். அண்ணன் எதிர்ச் சுவரோரம் உப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் முடி முழுக்க நரைத்திருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் புரியலை" என்றான் களைக்காதவன் என்னைப் பார்த்து. "நான் சுக்கானுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் அன்னிக்குத் துடுப்பைத் தூக்கச் சொல்லிட்டு ரொம்ப நேரம் கரையையே பார்த்தார். அப்புறம், 'குன்று போகச் சொல்லுது, வீடு வரச் சொல்லுது. வீட்டுக்கே போவோம்'னார். நாங்க சிரிச்சோம். வீடு எப்படி வரச் சொல்லும்?"

கத்திகள் நின்றன. தச்சர் பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்தாள். அவள் மூத்த பிள்ளை மஞ்சள் படகில் வலப்பக்கம் இரண்டாவது ஆள். திரும்பி வரவில்லை.

சுவரோரத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"பசியில சொல்லியிருப்பான். காலையில போனவன். வீட்டு நினைப்பு வந்திருக்கும்."

நான்கு வருஷமாக அவன் அந்தக் கொட்டகையில் பேசியதையெல்லாம் கூட்டினால் பத்து வாக்கியம் தேறாது. அதில் ஒன்றை எனக்காகச் செலவழித்தான். களைக்காதவன் தலையாட்டினான். கத்திகள் மறுபடி ஓடப் பார்த்தன. அத்தோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"பசி இல்லை. நான்தான்" என்றேன். "அவன் வெளியே போகச் சொன்னா நம்பாதீங்க, போர்வையைப் பாருங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அன்னிக்குப் போர்வையைத் தொங்கவிட்டது நான். பட்டாளம் கொட்டகைக்குள்ள போறதை அண்ணன் பார்த்துட்டான். தப்பிச்சுப் போங்கன்னுதான் சுத்தினான். அவன்கிட்ட இருந்த சைகை அது ஒண்ணுதான். வரச் சொன்னது நான்."

யாரும் என்னை அடிக்கவில்லை. அதற்குத்தான் நான்கு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். தச்சர் பெண்டாட்டி தன் கத்தியைத் துடைத்தாள். மீன் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜையின் அந்தக் கோடிக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள். அதற்குப் பின்னால் அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் மேஜையின் இந்தப் பாதியில் நான் மட்டும் இருந்தேன். களைக்காதவன் இருக்கிற ஒரு கையை மேஜையில் ஊன்றி எழுந்து, அண்ணன் பக்கமாக இரண்டு அடி வைத்தான். அங்கேயே நின்றான்.

அண்ணன் மூட்டையை விட்டு எழுந்தான். கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே என் பக்கம் வந்தான். மேஜையின் முனையில் இடித்துக்கொண்டான். என் மீன் கூடையை உதைத்துத் தள்ளினான். மீனெல்லாம் தரையில் சரிந்தது. யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவன் பெஞ்சு எங்கே இருக்கிறது என்று கையால் கண்டுபிடித்து என் பக்கத்தில் நின்றான்.

"அழாதே" என்றான். "கொஞ்சம் நகரு. அந்தக் கத்தியைக் குடு."

நான் நகர்ந்து இடம் விட்டேன். அவன் உட்கார்ந்து மீனை அறுக்க ஆரம்பித்தான், விரலை அறுத்துக்கொள்ளாமல் இருக்க நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.